நாணயத்தளவு அன்ரெனா

அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபொக்ஸ் ஆகிய நாலு பெரிய வலையமைப்புகளையும் பார்க்கக் காசு தேவையில்லை. ஒரு அன்ரெனா போதும். எங்கட ஊர்களில ஆராவது கூரையில ஏறித் திருப்ப, நாங்கள் கீழ நிண்டு "இப்ப தெளிவு, இப்ப இல்லை" எண்டு கத்துவமே, அதே அன்ரெனாதான். பிறகேன் அங்கத்தைச் சனம் மாதாமாதம் கேபிளுக்குக் காசு கட்டினது?

கேபிள் பிறந்ததே இந்த இலவச அலைவரிசைகளுக்காகத்தான். 1940களின் கடைசியில், பென்சில்வேனியாவில் மலை மறைத்த ஊர்களுக்கு அலை எட்டவில்லை. உயரத்தில் பெரிய அன்ரெனா ஒன்றை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்கு வயர் இழுத்தார்கள். இது களவா? 1968இலும் 1974இலும் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது: கேபிள்காரர் பார்ப்பவரின் அன்ரெனாவைக் கொஞ்சம் நீட்டிவிடுகிறார், அவ்வளவுதான். 1976இல் காங்கிரஸ் பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றி அந்தத் தீர்ப்புகளைச் செல்லாமல் ஆக்கியது. 1992ஆம் ஆண்டுச் சட்டமோ, தங்கள் அலைவரிசையைக் கேபிளில் விடுவதற்குச் சம்மதம் தரவும் மறுக்கவும் நிலையங்களுக்கு உரிமை கொடுத்தது. சம்மதத்துக்கு ஒரு விலை வந்தது. அந்த விலை கடைசியில் வீட்டுக்காரரின் பில்லில் ஏறியது.

2012இல் நியூயோர்க்கில் ஏரியோ என்ற நிறுவனம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. சின்ன நாணயத்தளவு அன்ரெனாக்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, பிடித்த நிகழ்ச்சியை இணையத்தால் அனுப்பியது. மாதம் சுமார் 8 டொலர். சொந்த அன்ரெனாவில் பார்ப்பது குற்றமில்லை எண்டால், அந்த அன்ரெனா வேறொரு கட்டிடத்தில இருந்தா மட்டும் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் 2014 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது: ஏரியோ செய்வது கேபிள்காரர் செய்வதே, 1976ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் பொருந்தும். நவம்பரில் ஏரியோ வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இடையில், ஒக்ரோபரில், சிபிஎஸ் மாதம் 5.99 டொலருக்குத் தன் சொந்தச் செயலியைத் தொடங்கிவிட்டிருந்தது.

2018இல் லோகாஸ்ட் வந்தது. இலாப நோக்கில்லாத அமைப்புகளுக்குச் சட்டம் தரும் விலக்கைப் பிடித்துக்கொண்டு, நன்கொடை கேட்டு நடத்தியது. 2019இல் நாலு வலையமைப்புகளும் வழக்குப் போட்டன. நன்கொடையில் மிஞ்சியதைப் புதிய நகரங்களுக்கு விரிவாகச் செலவழித்ததால் விலக்குப் பொருந்தாது என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. லோகாஸ்ட் நிண்டுபோச்சு.

இண்டைக்கு கேபிள் இல்லாமலே இந்த வலையமைப்புகளைப் பார்க்கலாம்: பரமவுண்ட் பிளஸ், பீகொக், ஹுலு, யூரியூப் ரிவி. எல்லாத்துக்கும் சந்தா. கேபிளை அறுத்தவர்கள் பில்லை அறுக்கவில்லை.

எங்களை உறுத்துவது இதுதான். அமெரிக்கச் சட்டப்படி அலைகள் பொதுச்சொத்து. நிலையங்கள் உரிமம் வாங்கித்தான் அவற்றைப் பாவிக்கின்றன. அன்ரெனா இண்டைக்கும் இலவசம், 2009இல் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு படமும் நல்ல தெளிவு. ஆனால் அலை எட்டாத பள்ளத்தில் இருப்பவர், அன்ரெனா வைக்க இடமில்லாத வாடகை அறைக்காரர், இவர்கள்தான் காசு கட்டவேண்டியிருக்கிறது. எழுபது வருசத்துக்கு முதல் மலைக்குப் பின்னால இருந்தவையும் அதே ஆக்கள்தான்.