முதல் ஆடியோபுக் பட்டியல்லயே ஒரு கொலைக் கதை

ஆடியோபுக் பத்திப் பேச ஆரம்பிச்சாலே ஒரு கேள்வி வந்துடும்: "காதால கேட்டா அது படிச்ச கணக்குல வருமா?" நான் கேக்குறது பெரும்பாலும் மூணு வகை. கிரைம், செல்ஃப் ஹெல்ப், ஆன்மிகம். இந்த மூணும் காதுக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சொன்னா, என் பதிலும் அதுக்குள்ளயே வந்துடும்னு நினைக்கிறேன்.

முதல்ல லண்டனுக்குப் போவோம், 1935. முதல் உலகப் போர்ல குண்டாலயும் விஷ வாயுவாலயும் பார்வை போன வீரர்கள் அப்ப முப்பது, நாப்பது வயசுல இருக்காங்க. பிரெயில் இருந்தது. ஆனா வளர்ந்த பிறகு கண்ணை இழந்த ஒருத்தர், காயம்பட்டு மரத்துப்போன விரல் நுனியால புள்ளி புள்ளியாத் தடவிப் படிக்கக் கத்துக்கிறது லேசான காரியம் இல்ல. நிறைய பேருக்கு அது கைகூடவே இல்ல. இயன் ஃபிரேசர்னு ஒருத்தர். 1916-ல் சோம் போர்க்களத்தில் பார்வையை இழந்தபோது அவருக்கு வயது 18. பிறகு பார்வை இழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் தலைவரானார், எம்.பி.யும் ஆனார். 'பேசும் புத்தகம்' வந்தே ஆகணும்னு விடாப்பிடியா நின்னவர்கள்ல அவர் முக்கியமானவர்.

சிக்கல் எங்கன்னா, அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு நாலஞ்சு நிமிஷம்தான் ஓடும். அதுல நாவலைப் பதிஞ்சா வீடு முழுக்க தட்டுதான் இருக்கும். அதனால நிமிஷத்துக்கு 24 சுற்று மட்டும் மெதுவா சுத்துற தட்டு செஞ்சாங்க. ஒரு பக்கம் சுமார் 25 நிமிஷம் ஓடும். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு வந்தா போதும், அதைப் பெட்டியில போட்டு தபால்ல அனுப்பலாம். பாட்டுக் கேக்குறவங்களுக்குக் கடையில எல்.பி. ரெக்கார்டு பரவலாக் கிடைக்க ஆரம்பிச்சதே 1948-க்குப் பிறகுதான். நீளமா ஓடுற தட்டு பல வருஷம் முன்னாடியே பார்வையற்றவங்க வீட்டுல சுத்திக்கிட்டு இருந்தது.

அந்த நவம்பர்ல வந்த முதல் புத்தகங்கள் எதெதுன்னு பாருங்க. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', ஜோசஃப் கான்ராடின் 'டைஃபூன்', யோவான் எழுதின நற்செய்தி. கிரைமும் ஆன்மிகமும் முதல் நாளே ஒரே பெட்டியில!

அக்ராய்ட் தற்செயலாவே சரியான தேர்வா அமைஞ்சுபோச்சு. கதையைச் சொல்றது ஊர் டாக்டர். யார் கொலைகாரன்னு நான் சொல்லப் போறதில்ல, பயப்படாதீங்க. ஆனா 'ஒரு குரல் நமக்குக் கதை சொல்லுது, நாம அதை நம்புறோம்' என்பதுதான் அந்த நாவலோட அஸ்திவாரமே. கண்ணால படிக்கும்போது கை தன்னால கடைசிப் பக்கத்துக்குப் போகும், இல்ல ரெண்டு பத்தியைத் தாண்டும். காதுக்கு அந்தச் சலுகை இல்ல. வாசிக்கிறவர் வேகம்தான் நம்ம வேகம். 25 நிமிஷத்துல தட்டு நின்னுடும், எழுந்து போய் திருப்பிப் போடணும். வாரப் பத்திரிகைத் தொடர்ல 'தொடரும்' போட்டு நிறுத்துற அதே தவிப்பு. அதனாலதான் கிரைமை நான் காதுலதான் கேப்பேன், 1x-லதான் கேப்பேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் தாங்க முடியாது: வில்லன் வந்ததும் தொண்டையைக் கரகரப்பாக்குற வாசிப்பு. மூணாவது அத்தியாயத்துலயே ஆளைக் காட்டிக் கொடுத்துட்டு அப்புறம் எதுக்குத் துப்பறியணும்?

'கேக்குறது படிக்கிறது ஆகுமா'ங்கிற சண்டையும் அப்பவே வந்துடுச்சு. அதைக் கிளப்பினவங்கள்ல பார்வையற்றவர்களும் இருந்தாங்க. பிரெயிலுக்குப் போக வேண்டிய பணம் இதுக்குப் போகுதேன்னு ஒரு கவலை. அதைவிட ஆழமா இன்னொண்ணு: விரலால படிச்சா நானும் புத்தகமும் மட்டும்தான், குரல் வந்தா நடுவுல ஒரு ஆள் வந்து உக்காந்துடுறான். இதை 'பழமைவாதம்'னு தள்ளிட முடியாது. என் காதுக்கு இன்னைக்கும் இது ஒரு நல்ல அளவுகோல்: நடுவுல உக்காந்திருக்கிற ஆள் என்ன பண்றான்?

செல்ஃப் ஹெல்ப்ல அந்த ஆள்தான் எல்லாமே. 1956, அமெரிக்கா. ஏர்ல் நைட்டிங்கேல் ஒரு ரேடியோ குரல், பேர்ல் ஹார்பர் தாக்குதல்ல உயிர் பிழைச்ச மரைன் வீரர். சொந்தமா ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சி வெச்சிருந்தார். விற்பனை ஆட்களுக்கு உற்சாகமாப் பேசுறது வழக்கம். வெளியூர் போக வேண்டி வந்தப்ப, தான் இல்லாத நாள்ல போட்டுக் கேக்கட்டும்னு ஒரு பேச்சைப் பதிஞ்சு வெச்சுட்டுப் போனார். அதுதான் 'தி ஸ்ட்ரேஞ்சஸ்ட் சீக்ரெட்'. கேட்டவங்க பிரதி கேட்டாங்க, ஒன்று பத்தாகி, பத்து லட்சத்துக்கு மேல வித்துது. பேச்சுத் தட்டுக்கு கோல்ட் ரெக்கார்டுங்கிறது அப்ப கேள்விப்படாத விஷயம். 1960 வாக்கில் லாயிட் கோனன்ட்டோடு சேர்ந்து இதையே ஒரு கம்பெனி ஆக்கினார். அந்தத் தட்டோட சாரம், நம்ம ஊர்ல 'எண்ணம் போல் வாழ்வு'ன்னு மூணே வார்த்தையில முடிச்ச விஷயம். ஆனா 30 நாள் திரும்பத் திரும்பக் கேளுங்கன்னு அவரே ஒரு பயிற்சி வெச்சார் பாருங்க, அங்கதான் வியாபாரம்.

அதாவது இந்த வகை புத்தகமாப் பிறந்து ஆடியோவுக்கு வரல. விற்பனையாளரை உசுப்புற பேச்சாவே பிறந்தது. 1.5x-ல ஓடவிட்டாலும் எனக்கு எதுவும் நழுவாததுக்கு அதுதான் காரணம். திட்டிச் சொல்லல. திங்கட்கிழமை காலையில மெட்ரோல நசுங்கிக்கிட்டு நிக்கும்போது ஒருத்தர் தட்டிக் கொடுத்தா நல்லாத்தான் இருக்கு.

ஆன்மிகம்தான் கஷ்டம். அலெக்சாண்டர் ஸ்கோர்பின்னு ஒரு நடிகர். பார்வையற்றோருக்கான அமெரிக்க ஃபவுண்டேஷனுக்காக 1930-களின் கடைசியில் வாசிக்க ஆரம்பிச்சு, நானூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களைப் பதிஞ்சவர். 1940-களில் பைபிள் முழுசையும் வாசிச்சார். பல பேருக்கு வேத வசனம்னாலே அந்தக் குரல்தான். அதே ஆள் 1953-ல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'தி பிக் ஹீட்' படத்துல ரவுடிக் கும்பலோட தலைவன்! நடிக்கத் தெரியாதவர் இல்ல. ஆனா பைபிள் வாசிக்கும்போது நடிப்பை ஓரமா வெச்சுட்டு, வரியை மட்டும் நம்ம முன்னாடி வைப்பார். இப்ப வர்ற பல ஆன்மிக ஆடியோக்கள்ல புல்லாங்குழல், எதிரொலி, பெருமூச்சு எல்லாம் முன்னாடி வந்து நிக்குது, வரியைத் தேட வேண்டியிருக்கு. வாரியார் சுவாமிகள் கேசட் வேற கணக்கு. அது வாய்ல பிறந்த கதை, அங்க அவர் குரல்தான் நூல்.

இன்னொண்ணு சொல்லணும். 1935-ல் அந்தத் தட்டுகளைப் பதியப் பதிப்பாளர்கள் அனுமதி கொடுத்ததே, பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான் போகணும்கிற நிபந்தனையோட. இன்னைக்கு நிலைமை தலைகீழ். ஆப்-ல சந்தா கட்டுற யாருக்கும் ஆயிரக்கணக்கான தலைப்பு. ஆப் எதை விக்கலாம்னு நினைக்குதோ அது மட்டும் காதுக்கு வரும், ஒரு பார்வையற்ற மாணவிக்கு வேண்டிய பாடநூல் வராது. அப்படிப்பட்ட நூல்களை உரிமையாளர் அனுமதிக்குக் காத்திருக்காம ஒலி வடிவத்துக்கோ பிரெயிலுக்கோ மாத்த வழி செய்யத்தான் 2013-ல் மராகேஷ் ஒப்பந்தம் வந்தது. அதை உலகத்திலேயே முதல்ல உறுதி செஞ்ச நாடு இந்தியா, 2014 ஜூன்ல. சட்டம் இருக்கு. உக்காந்து வாசிச்சுப் பதியத்தான் ஆள் வேணும். உங்க ஊர்ல அப்படிப் பதியுற தன்னார்வக் குழு இருந்தா எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல அவங்களைப் பேச வைப்போம்.