மண்ணை விட்டுப்போன வேர்: நார்க்கழிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'மண்' என்ற சொல் தமிழ்ச் சொல்லாடலில் மண்ணைக் குறித்ததைவிட மற்றவற்றைக் குறித்ததுதான் அதிகம். மண்ணின் மைந்தர் என்றால் உரிமை. மண்வாசனை என்றால் ஓர் இலக்கிய வகை. தாய்மண் என்றால் உயிர் கேட்கும் ஒன்று. இச்சொற்களைப் புழங்கியவர்களில் பெரும்பாலோர் மண்ணில் கைவைத்தவர்கள் இல்லை என்பதும், கைவைத்தவர்களுக்கு அந்த மண்ணில் பட்டா இல்லை என்பதும் சிற்றிதழ்களில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. பேசப்படாதது வேறொன்று. மண்ணே இல்லாமல் விவசாயம் நடக்கும் ஒரு காலத்துக்குள் நாம் வந்து சேர்ந்துவிட்டோம். தூர தேசத்தில் அல்ல, தேன்கனிக்கோட்டையில், தளியில். செடி மண்ணை விட்டு நார்க்கழிவுக்குள் இறங்கியபோது, மண்ணின் மீது கட்டப்பட்டிருந்த அதிகாரம் என்னவாயிற்று என்பதுதான் இங்கே நமது கேள்வி.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த மேட்டுநிலம். குளிர் பிடித்துப்போய் வெள்ளைக்காரர்கள் தளிக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர்கள். ராகி, அவரை, தக்காளி, முட்டைக்கோஸ். ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானை வரும். 1991க்குப் பிறகு இதே நிலத்தில் பிளாஸ்டிக் கூரைகள் எழுந்தன. தாராளமயம் 'ஏற்றுமதி மலர்' என்ற கனவைக் கொண்டுவந்தது. பெங்களூர் விமான நிலையம் பக்கத்தில் இருந்தது. குளிர் ஏற்கெனவே இருந்தது. ஓசூருக்கு அருகே அமுதகொண்டபள்ளியில் தமிழக அரசின் டிட்கோ தனியாரோடு கூட்டுச்சேர்ந்து 'டான்ஃப்ளோரா' ரோஜாப் பூங்காவை அமைத்தது. அந்தப் பத்தாண்டில் பெங்களூர், ஓசூர் வட்டாரத்தில் முளைத்த பெரிய மலர்க் கம்பெனிகள் பல நொடித்துப்போயின. கூரைகள் நிற்கவே செய்தன. 2005இல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கி மானியம் வந்ததும் சிறு, நடுத்தர விவசாயிகளும் பாலிஹவுஸ் போட்டார்கள். இன்று தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத்திட்டத்தின் கொய்மலர் மையமே இருக்கிறது.

இந்தக் கூரைகளுக்குக் கீழே முதலில் மண்தான் இருந்தது. செம்மண், மணல், சாணி எரு, நெல் உமி கலந்த மேட்டுப்பாத்தி. ரோஜாவை ஒருமுறை நட்டால் ஐந்தாறு வருடம் அதே இடம். மழை படாத மண்ணில் உரத்தின் உப்பு தங்கிக்கொண்டே போகும். நூற்புழு வேரில் முடிச்சுப் போடும், வேரழுகல் வரும். திறந்த வயலில் மழையும் வெயிலும் பயிர்மாற்றமும் செய்துவந்த வேலையைக் கூரைக்குக் கீழே மருந்துதான் செய்தாகவேண்டும். ஃபார்மலின் ஊற்றி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, மண்ணில் இருக்கும் அத்தனை உயிரையும் கொன்று அப்புறம் நடுவார்கள். மண் கெட்டதால் நார்க்கழிவு வந்தது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. மண்ணை மண்ணாக இருக்கவிடாத ஒரு கூரையைப் போட்டோம், பிறகு மண்ணையும் வெளியே அனுப்பினோம் என்பது மீதி.

எல்லோரும் மாறிவிடவில்லை. ரோஜாவில் கணிசமான பகுதி இன்னும் பாத்தியில்தான் நிற்கிறது. ஆனால் மண்ணில் விளையும் தக்காளியும் கோஸும்கூட நர்சரியில் குழித்தட்டில் நார்க்கழிவுக்குள்தான் முதல் வேரை விடுகின்றன. 'மண்ணில் முளைத்தது' என்ற உருவகத்தைக் கையாளும் கவிஞர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

இந்தப் பொருளின் பெயர்களிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. மலையாளத்தில் இது 'சகிரிச்சோறு'. உரித்த மட்டையில் நாரை எடுத்தபின் உதிர்வது, சோறு. தமிழக அரசின் விவசாயக் கையேடுகளில் 'தென்னை நார்க்கழிவு'. வணிகத்தில் 'கோகோபீட்'. பீட் என்பது ஐரோப்பியச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்கிப் படிந்த பாசி. அதைத் தோண்டித் தீர்த்ததில் சதுப்புகள் அழிகின்றன என்ற குற்றவுணர்வு அங்கே எழுந்தபோது, மாற்றாகப் போன நம் கழிவுக்கு அந்தப் பாசியின் பெயரே சூட்டப்பட்டது. சோறு, கழிவு, பீட். பண்டம் ஒன்றுதான். யார் வாயிலிருந்து பெயர் வருகிறதோ, அவருடைய லாபக் கணக்கும் கூடவே வருகிறது.

1859இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் முதல் கயிற்றுப்பாய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். நார் கப்பலேறியது, தூள் தங்கியது. ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் விழும். ஆக இதன் கணக்குப்படி, கயிற்றுத்தொழில் என்பது அடிப்படையில் தூள் குவிக்கும் தொழில், நார் அதன் உபபொருள். 1860களிலேயே இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கத்தார் இத்தூளைச் செடி வளர்க்கப் பயன்படுத்திப் பார்த்துப் பரிந்துரைத்தும் இருக்கிறார்கள். பிறகு பீட் மலிவாகக் கிடைத்ததும் அது மறக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் கேரளக் காயலோரங்களிலும், பின்னர் பொள்ளாச்சிச் சாலையோரங்களிலும் அது மலையாகக் குவிந்து, கோடையில் பற்றி எரிந்து, மழையில் செங்காப்பி நிறத்தில் ஒழுகிக் கிணற்றில் இறங்கியது. லிக்னின் அதிகம் என்பதால் சீக்கிரம் மட்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானை விட்டு இதை மட்க வைக்கும் முறையைப் பரப்பியது. 112க்கு 1 என்றிருந்த கரிம-தழைச்சத்து விகிதம் 24க்கு 1 ஆக இறங்கும். கழிவை உரமாக்கி, உள்ளூர் மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும் யோசனை அது. வென்றது அந்த யோசனை அல்ல.

வென்றது நெதர்லாந்து. அங்கே கண்ணாடிக் குடில்களில் மண்ணைக் கிருமிநீக்க மெதில் புரோமைடு வாயுவைப் பாய்ச்சிவந்தார்கள். நிலத்தடி நீரும் ஓசோன் படலமும் கெடுவது தெரிந்து 1990களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். 1992இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே அங்கே மண்ணுக்குப் பதிலாகக் கல்நார்ப் பஞ்சு வந்திருந்தது. பாறையை உருக்கி நூற்ற அது மட்காது, எங்கே கொட்டுவது என்ற சிக்கல். அந்த இடத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நார்க்கழிவு போய் அமர்ந்தது. அழுத்திய 5 கிலோ கட்டி, தண்ணீர் ஊற்றினால் 65, 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். கப்பலுக்கு இதைவிடத் தோதான 'மண்' வேறு உண்டா? இன்று இந்தியக் கயிற்றுத்துறை ஏற்றுமதியில் நாரையும் கயிற்றையும் பாயையும் தாண்டி முதலிடத்தில் நிற்பது இந்தத் தூள்தான்.

இதே கட்டி இன்னொரு வீட்டுக்குள்ளும் போயிற்று. 1983இல் கலிபோர்னியா அரசு கஞ்சாப் பயிருக்கு எதிராக ஹெலிகாப்டர்களை அனுப்பத் தொடங்கியது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தப்பிக்கச் செடி அறைக்குள் நுழைந்தது, சூரியனுக்குப் பதில் சோடியம் விளக்கு எரிந்தது. 1989இல் அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை, விளக்கும் தொட்டியும் விற்ற கடைகளையே சோதனையிட்டது. வீட்டுச் சுவரின் வெப்பத்தைக் கருவி வைத்து அளந்து உள்ளே விளக்கெரிகிறதா என்று பார்த்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், வாரண்ட் இல்லாமல் அப்படிப் பார்ப்பது செல்லாது என்று 2001இல் தீர்ப்பானது. ஃபூக்கோவை மொழிபெயர்த்துப் படித்த நமக்கு இது புதிதில்லை: கண்காணிப்பு ஒன்றை அழிப்பதைவிட அதன் வடிவத்தை மாற்றிவைக்கிறது. அறைக்குள் மண் தோதுப்படாது. கனம், பூச்சி, மாடி ஏற்றும் கஷ்டம், அள்ளிக்கொட்டும்போது பக்கத்து வீட்டார் பார்வை. நார்க்கழிவு லேசானது, சுத்தமானது, கேள்வி கேட்காதது. பிறகு கனடா 2018இல் சட்டத்தையே மாற்றியது. ஜெர்மனி 2024இல் வீட்டுக்கு வயதுவந்தவர் ஒருவர் மூன்று செடி வைத்துக்கொள்ள அனுமதித்தது. இங்கேயோ 1985 சட்டப்படி கஞ்சா பயிரிட்டால் பத்து வருடம்வரை கடுங்காவல். இத்தனைக்கும் 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த கஞ்சா ஆணையம், முழுத்தடை வேண்டாம் என்று ஏழு தொகுதி அறிக்கை எழுதிவைத்த நாடு இது. செடி இங்கே குற்றம், அதன் 'மண்' இங்கிருந்து அந்நியச் செலாவணி. இது என்ன கூத்து என்று கேட்டால், சட்டத்தின் கண்ணுக்கு வேரூன்றும் பொருள் தெரிவதில்லை என்பதுதான் பதில்.

மண்ணில்லா விவசாயம் முழுக்க முழுக்க மூலதனத்தின் சதி என்று முடித்துவிடுவது சுலபம். அப்படி முடிக்க முடியாதபடி ஒரு கிளைக்கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் கெரிக் 1930களில் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் அசென்ஷன் தீவின் பாறைமேல் அம்முறையில் காய்கறி விளைவித்தது. போர் முடிந்த கையோடு, 1946இல், காளிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதையே தலைகீழாக்கிப் பார்த்தார். பம்பு வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். சரளைக்கல், மணல், கையால் தூவும் உப்புகள், பூவாளி. 'வங்காள முறை' என்ற பெயரில் 1951இல் அவர் புத்தகமும் வந்தது. நிலம் இல்லாதவர் கூரைமேலும் முற்றத்திலும் உணவு விளைவிக்கலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. நிலமே சாதியாக இறுகிப்போன ஒரு நாட்டில், நிலம் தேவைப்படாத பயிர் என்பது லேசுப்பட்ட யோசனையா? தலித் அரசியலும் நக்சல்பாரி அரசியலும் நிலத்தைக் கைப்பற்றுவது பற்றிப் பேசின. நிலத்தைத் தேவையற்றதாக்குவது பற்றி இடதுசாரிகளில் யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் கோகோபீட்டும் மானியமும் வந்து உட்கார்ந்தன.

தேன்கனிக்கோட்டைக்குத் திரும்புவோம். நார்க்கழிவுக்கு மாறினால் நிலத்தின் வளம் கணக்கில் வராது. கல்லாங்குத்து நிலமும் போதும். அப்படியானால் கல்லாங்குத்து மட்டுமே வைத்திருக்கும் ஏழைக்கு யோகம் அடித்திருக்க வேண்டுமல்லவா? அடிக்கவில்லை. வளத்தின் இடத்தில் போர்வெல்லும் மின் இணைப்பும் சாலை முகப்பும் வங்கிக் கடனும் வந்தன. இவை நான்கும் யாரிடம் இருந்தனவோ அவரிடம்தான் முன்பு நல்ல மண்ணும் இருந்தது.

மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. தாங்கும். இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டாலும், உரம் கொஞ்சம் கூடிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும். நார்க்கழிவு தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்தாலும் சத்து விஷயத்தில் கைவிரித்துவிடும். ஒரு நாளில் பலமுறை சொட்டுக்குழாயில் சத்துக்கரைசல் போகவேண்டும். சுண்ணாம்புச் சத்து 'ஏ' டேங்கில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் 'பி' டேங்கில். அடர்கரைசலாகச் சேர்த்தால் உறைந்து துளைகளை அடைத்துவிடும். உப்பின் அளவைக் கருவி சொல்லும். கரண்ட் போனால் போச்சு. 2012இல் தமிழ்நாடே பல மணி நேர மின்வெட்டில் கிடந்தபோது டீசல் ஜெனரேட்டர் இல்லாதவன் இந்தப் பயிருக்குள் வரவே முடியாது என்பது தெளிவாயிற்று. மண்ணைக் கையில் அள்ளி, பிடித்து, உதிர்த்து ஈரம் பார்க்கும் அறிவு கூலிக்கார அம்மாவிடம் இருந்தது. அதற்குக் கூலி தனியாகக் கொடுக்கப்படவில்லை என்றாலும், அவள் சொன்னால் முதலாளி கேட்டாகவேண்டியிருந்தது. இப்போது அளவு கன்சல்டன்டிடமிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறது. அவளுக்கு மொட்டு கிள்ளுவதும், பூ வெட்டுவதும், தரம் பிரித்துக் கட்டுவதும் மிஞ்சின. அதே ஊர்ப் பெண்களை அழைத்துப்போக இப்போது செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலையின் பஸ்ஸும் வருகிறது. இரண்டு வேலைக்கும் கையுறை போட்ட விரல் போதும்.

மறுமுனையில் பொள்ளாச்சி. தூளில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். ஐரோப்பியச் செடிக்கு ஆகாது. ஆகவே தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து, களத்தில் கொட்டி, கிளறிக் காயவைத்து அனுப்புகிறார்கள். உள்ளூர்ப் பெண்களும் வடமாநிலத் தொழிலாளரும் வெயிலில் நின்று, தூளைச் சுவாசித்துச் செய்யும் வேலை இது. கழுவிய நீர் எங்கே போகும்? 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த்தொழிலை 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியபோது ஆலைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கிணறு கெட்டவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நிறத்தின் பெயரில் அரசு ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

லீபிக்கின் மண்வேதியியலைப் படித்த மார்க்ஸ், முதலாளிய விவசாயம் தொழிலாளியைக் கொள்ளையடிப்பதோடு மண்ணையும் கொள்ளையடிக்கிறது என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் எழுதினார். நகரத்துக்குப் போன சத்து வயலுக்குத் திரும்புவதில்லை என்பது வாதம். தென்னந்தோப்பில் முன்பு மட்டையை மரத்தைச் சுற்றிக் குழிவெட்டிப் புதைப்பார்கள். ஈரம் காக்கும், சாம்பல்சத்து மரத்துக்கே திரும்பும். இன்று மட்டை ஆலைக்கு விலையாகிறது. அதிலிருந்த சாம்பல்சத்து கழுவுநீரில் கிணற்றுக்குப் போகிறது. தோப்புக்காரர் கடையில் பொட்டாஷ் மூட்டை வாங்குகிறார், அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது.

கழுவிய தூள் லாரியேறித் தேன்கனிக்கோட்டைக்கும் வருகிறது. இங்கே அதில் உப்பு தங்கக்கூடாதென்று, விடும் கரைசலில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு வெளியே வடியும்படி விடவேண்டும் என்பது விதி. நெதர்லாந்தில் இந்த வடிநீரைப் பிடித்துச் சுத்திகரித்து மறுபடி பாய்ச்சுகிறார்கள். அதற்கான கருவி நம் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. நைட்ரேட் கலந்த அந்த நீர், பைகளுக்கு அடியில் விரித்த தாளின் ஓரமாக வழிந்து, கூரைக்கு வெளியே, வேண்டாமென்று விட்ட அதே செம்மண்ணில் இறங்குகிறது. பக்கத்து ராகி வயல்காரரும் காலனிக் குழாயும் நம்பியிருப்பது அந்த மண்ணுக்குக் கீழே இருக்கும் தண்ணீரைத்தான்.