பூட்டிய கடையும் வீட்டுக் கணக்கும்

2020 மார்ச் 24 மாலை, கொரோனா ஊரடங்குக்காகத் தமிழகம் முழுக்க 144 தடை உத்தரவு வந்தபோது டாஸ்மாக் கடைகளும் ஷட்டரை இறக்கின. சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் அவை மறுபடி திறந்தது மே 7 அன்று. இடையில் முழுசாக 43 நாள். மதுவிலக்கு கேட்பவர்கள் இந்த 43 நாளை இன்றும் சாட்சிக்கு அழைக்கிறார்கள்: கடை இல்லாமல் மக்கள் இருந்து காட்டினார்கள், வீடுகளில் காசு மிஞ்சியது என்று. முதல் பாதியை ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. குடி குறைந்தால் குடும்பச் செலவும் தானாகக் குறையும் என்ற கணக்கு அந்த ஆண்டில் பொய்த்துப்போனது. ஏன் பொய்த்தது என்று பார்க்க, அது ஓரளவு பலித்த பழைய இடம் ஒன்றுக்குப் போய்வர வேண்டும்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டன. அப்போது ஆட்சியராக இருந்த டிக்சனின் அறிக்கைகளும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நடந்த பொருளாதார ஆய்வுகளும், கள்ளுக்குப் போன காசு சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் கடனடைக்கவும் திரும்பியதாகச் சொல்லின. மாலை நேரத்தை நிரப்ப பஜனை, விளையாட்டு என்று அரசே ஏற்பாடு செய்தது. தேநீர்க் கடைகளும் பெருகின. அரசு தன் திட்டத்தைத் தானே மெச்சிக்கொண்ட அறிக்கைகள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மரமேறிகள் இழந்த பிழைப்பு அந்தக் கணக்கில் முழுதாக ஏறவில்லை. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமம் கொடுத்தது அதற்கு ஈடாகிவிடாது. இருந்தும் அடிப்படை ஒன்று மறுக்க முடியாதது: சேலத்தில் கடை மூடியதே தவிர, வயலும் தறியும் மூடவில்லை. கூலி வந்துகொண்டிருந்தது. அதனால்தான் மிச்சம் என்று ஒன்று கண்ணில் பட்டது.

2020-இல் கடையும் கூலியும் ஒரே மாலையில் நின்றன. கட்டட வேலை, பனியன் கம்பெனி, லோடு வண்டி எதுவும் ஓடாத வீட்டில் குவார்ட்டருக்குப் போகாத காசு மிஞ்சியது என்று சொல்வது, வராத காசை மிச்சம் பிடித்ததாகச் சொல்வதுதான். குடியும் அடியோடு நின்றுவிடவில்லை. பதுக்கிய பாட்டில் பிளாக்கில் பல மடங்கு விலைக்குப் போனது. கள்ளச் சாராய ஊறல்கள் காட்டிலிருந்து வீட்டு அடுப்படிக்கே வந்தன; குக்கரில் காய்ச்சிப் பிடிபட்டவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் கலந்து குடித்து மீனவர்கள் இறந்தார்கள். கேரளத்தில் மது கிடைக்காத சிலர் தற்கொலை செய்துகொள்ள, மருத்துவர் சீட்டுக்கு மது தர அந்த அரசு உத்தரவிட்டு, உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. கடை மூடினால் வீட்டில் அமைதி வரும் என்பதும் முழு உண்மையில்லை. நாடெங்கும் மதுக்கடைகள் மூடியிருந்த அதே வாரங்களில்தான் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் கூடின.

மே 7 காட்சியை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மதியம், இளைஞர்களுக்கு மாலை என்று நேரம் பிரித்திருந்தார்கள். திருப்பூரில் குடை கொண்டுவந்தால்தான் சரக்கு. அன்று ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது. இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்த பின், மே 16 முதல் டோக்கனோடு விற்பனை தொடர்ந்தது. இந்தக் கூட்டத்தை வைத்து மக்களின் வெறியை அளப்பது சரியில்லை. கடை மறுபடி மூடிவிடும் என்று பயந்து வாங்கி வைத்தவர்கள் அதில் ஏராளம், அந்தப் பயம் மறுநாளே பலித்தும்விட்டது. கவனிக்க வேண்டியது வரிசையை அல்ல, பாட்டிலின் விலையை. பிப்ரவரியில்தான் குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏற்றியிருந்தார்கள். மே 7 அன்று சாதாரண ரகத்துக்கு இன்னொரு 10, மற்ற ரகங்களுக்கு 20. மலிவான சரக்கில் தினம் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்கு இந்த இரண்டு ஏற்றம் மட்டுமே மாதம் 600 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூன் வரை பெண்களின் ஜன்தன் கணக்கில் மத்திய அரசு போட்டது மாதம் 500.

ஆண்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. 2019-20-இல் மது மூலம் அரசுக்கு வந்த ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து ஏறத்தாழ 33,100 கோடி ரூபாய். ஏறக்குறைய ஒன்றரை மாதம் கடை மூடிக் கிடந்த, சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவே திறக்காத 2020-21-இல் அது 33,800 கோடி. வரியை ஏற்றியதால் வந்த உயர்வு, குடி கூடியதற்கு அது அடையாளமில்லை என்று வாதிடலாம். சரிதான், என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது. பாட்டில் குறைந்திருந்தாலும் கஜானாவுக்குப் போன பணம் குறையவில்லை. வருமானம் சுருங்கிய ஆண்டில் அந்தப் பணம் அடகுக் கடையிலிருந்தோ கைமாற்றிலிருந்தோ மளிகைக் கணக்கிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும்.

குடிக்கும் இடமும் மாறியது, இதை அதிகம் பேர் எழுதவில்லை. தமிழகத்தில் சாதாரணக் குடி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் நடந்துவந்தது. பாரில் முன்பின் தெரியாத இருவர் காசு போட்டு ஒரு குவார்ட்டரைக் கட்டிங்காகப் பிரித்துக்கொள்வதும், ஒரு தட்டு சுண்டலோடு வீடு திரும்புமுன் முடித்துக்கொள்வதும் பழகிப்போன ஏற்பாடு. கடை திறந்த பிறகும் பார்கள் டிசம்பர் கடைசி வரை திறக்கவில்லை. பங்கு போட ஆள் இல்லாதவர் முழு பாட்டிலையும் வாங்கி மொட்டை மாடிக்கோ பின்கட்டுக்கோ கொண்டுபோனார். குடி பிள்ளைகள் கண்ணெதிரில் வந்தது. அந்த 43 நாளில் பழக்கத்தையே விட்டவர்கள் உண்டு, அவர்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களைத் தாங்கிப் பிடிக்க சேலத்து பஜனை அளவுக்குக்கூட எந்த ஏற்பாடும் இல்லை.

அரசின் கஜானாவுக்கும் ஒரு வீட்டுக் கணக்கு உண்டு. மதுவிலக்கால் விழுந்த துண்டை அடைக்க 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அதாவது சேலத்துக் குடும்பம் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு துணிக்கடை வழியாக அரசுக்கே திரும்பியது. உலகப் போரின் நடுவில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியை மட்டும் யாரும் தொடவில்லை. 2020-இலும் மே முதல் வாரத்தில் பெட்ரோல், டீசல் மீதான வரியை ஏற்றினார்கள், அதே வாரத்தில் மதுக்கடையையும் திறந்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் குவார்ட்டர் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆட்சி மாறி, 2022 மார்ச்சில் இன்னொரு பத்து ரூபாய் ஏறியது.