கதை வகுப்பு

கதை வகுப்பு என்னும் பெயர், கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய தமிழ் நேசன் இதழின் வாயிலாகச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950ஆம் ஆண்டளவில் தொடங்கி நடத்திய எழுத்துப் பயிற்சியைக் குறிக்கும். சிறுகதையின் இலக்கணத்தைப் பத்திரிகைப் பாடமாக வகுத்து, வாசகரையே மாணாக்கராக்கி எழுதப் பணித்து, அவர்தம் ஆக்கங்களைத் தரங்கண்ட முயற்சி அது. 1952 முதல் 1957 வரை அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பிலிருந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை விவாதித்தார். விதியைக் காட்டிலும் ரஸனையே அவருக்குப் பிரதானம்.

இத்தகைய பயிற்சிகளில் கைவருவதற்கு அரியது காரண காரியத் தொடர்பு. அதற்கு வட சிலாங்கூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கோலா குபுவில் பண்டு எழுப்பப்பட்டிருந்த அணை 1883இல் உடைந்து, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் வேறு பலரும் மாண்டனர். பின்னரும் ஈயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து வெள்ளம் ஓயாமையால், நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி 1930களின் தொடக்கத்தில் அருகே புதிய ஊராகக் கோலா குபு பாரு எழுந்தது. இது செய்தி. அணைக்குக் காவலாயிருந்த வெள்ளை முதலையை அவ்வதிகாரி சுட்டதனாலேயே வெள்ளம் வந்ததென்பது ஊர்க்கதை. விபத்தாக நிகழ்ந்ததை வினைப்பயனாக மாற்றியதில், இலக்கணம் எதுவும் பயிலாத அந்தக் கதைசொல்லிகள் உத்தியின் பாதியை அனாயாசமாகச் சாதித்துவிட்டனர். அவன் ஏன் சுட்டான் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அச்சமோ, அகந்தையோ, தன் அதிகாரத்தை ஊரார்க்குக் காட்டும் விருப்பமோ என்று துருவத் தொடங்குமிடத்தில்தான் பாத்திர சிருஷ்டி பிறக்கிறது.

இப்படித் துருவாமல் எழுத்தாளர் நழுவவிடும் இடமொன்று, ரப்பர்த் தோட்டத்துக் கதைகளில் அடிக்கடி வரும் பெரட்டு. விடியுமுன் லயம் என்னும் குடியிருப்பு வரிசையிலிருந்து வந்து கூடிய தொழிலாளரைப் பெயர் கூப்பிடும் அவ்வேளையை, பனியும் கித்தா மரங்களுமாக வெறும் வருணனையாக்கிக் கடந்துபோகும் எழுத்தாளர் பலர். காரணமும் காரியமும் அங்கேயே அமையக்கூடும்: கூப்பிட்ட பெயருக்குக் குரல் வராவிடில் அன்றைய கூலி இல்லை. குரல் வராததன் காரணம் ஒரு தாய்க்கு மட்டும் தெரியும். கங்காணியோ அவளுடைய அண்ணன். இவ்வளவும் அமைந்துவிட்டால் வருணனைக்கு இரண்டு வரி போதும்.