பிரதியா, சுட்டா?

சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் 'பிரதி' என்றால் வாசிப்புக்கான எழுத்து. கணினிக்காரர்களுக்கு வெறும் நகல். இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் சிக்கல். 2018இல் வந்த தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ கற்பித்தது. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானுக்குத் தாவியது.

சி++இல் 'ஸ்ட்ரக்சர்' ஒன்றை 'ஆ = அ' என்று வைத்தால் உள்ளிருப்பதெல்லாம் நகலாகும். பைத்தானில் பட்டியல் ஒன்றை அப்படி வைத்து, 'ஆ'வில் ஓர் எண்ணைச் சேர்த்தால் 'அ'விலும் வந்து உட்கார்ந்திருக்கும். "நான் அதைத் தொடவே இல்லையே சார்!" என்று பிள்ளை திகைப்பது நியாயம். அங்கே பெயர் எதையும் வைத்திருப்பதில்லை, சுட்டுகிறது. இரண்டு பெயர், ஒரே பட்டியல். 'ஆ = [7]' என்று எழுதினாலோ 'ஆ' மட்டும் வேறொன்றைச் சுட்டப் போய்விடும்; 'அ'வுக்கு ஒண்ணும் ஆகாது.

இதைச் சசூரிடம் அவசரமாகக் கொண்டுபோக வேண்டாம். அவருடைய குறிப்பீடு ஒரு கருத்து. இங்கே சுட்டப்படுவது நினைவகத்தில் கிடக்கும் பொருள். தொல்காப்பியத்தின் அ, இ, உ என்னும் சுட்டுகள்தான் நமக்குப் பக்கத்தில் இருப்பவை.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழி, நினைவக முகவரியையே எழுதுகிறவர் கையில் கொடுத்தது. சுதந்திரம்தான், விபத்தும்தான். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தானும் 1995இல் வந்த ஜாவாவும் முகவரியை மறைத்தன. சுட்டுதலை ஒழிக்கவில்லை.

அதே 1991இல்தான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் சூடுபிடித்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த ஆண்டுகளில் கல்குவாரிக் குத்தகைகள் பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்தன. கல் உடைத்தது அதுவரைக்கும் இவர்கள் கை. குத்தகைப் பத்திரம் சுட்டியது வேறு ஆளை. பத்திரத்தை நாலு நகல் எடுத்தாலும் பாறை ஒன்றுதான். இடம் மாறியது பாறையல்ல, சுட்டு. எழுத்தறிவு என்பது கையெழுத்தோடு நிற்காமல் பத்திரத்தில் யார் பெயர் என்று கேட்கும் இடத்துக்கு வந்தது அங்கேதான்.

பைத்தானில் நிஜமாகவே தனி நகல் வேண்டுமென்றால் 'காப்பி' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் வெளிப்பட்டியல்தான் புதுசு. அதற்குள் இருக்கும் பட்டியல்கள் பழையவையே, பொதுவிலேயே கிடக்கும். அவையும் தனித்தனியாக வேண்டுமென்றால் 'டீப்காப்பி'.