டப்பாவுக்குள் பிழைத்த ஒரே பூஞ்சை

பிரியாணிக்குப் போடுகிறோமே பட்டை, அந்த மரத்தின் பூர்வீகம் இலங்கை. அங்கே கறுவா என்பார்கள். எப்படியோ கடல் தாண்டி மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் வரை போய்விட்டது. 1990களின் பிற்பகுதியில் அங்கே ஒரு தாவரவியல் தோட்டத்தில் நின்ற பட்டை மரத்தின் சின்னக் கிளைகள் சில, அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே பேராசிரியர் கேரி ஸ்ட்ரோபெலுக்கு வேண்டியது பட்டை இல்லைங்க, கிளைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகள். மரத்துக்கு நோய் தராமல் திசுக்களுக்குள்ளேயே வாழும் இந்த வகைக்கு எண்டோஃபைட் என்று பெயர்.

ஆய்வகத்தில் ஒரு தொல்லை. பொடிப்பொடி உண்ணிகள் ஒரு பெட்ரி தட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோய்ப் பூஞ்சைகளைக் கலந்துவிடும். அதைத் தடுக்கத் தட்டுகளைப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்தார்கள். திறந்து பார்த்தால், ஒன்றே ஒன்றுதான் ஜம்முன்னு வளர்ந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் காலி! தட்டுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. அப்படியானால் கொன்றது காற்றில் வந்த ஏதோ ஒன்று.

வெள்ளை நிறம், வித்துகளே கிடையாது. மஸ்கோடர் ஆல்பஸ் என்று பெயர் வைத்தார்கள். 2001இல் வந்த ஆய்வு, அது விடும் ஆவிகளில் சுமார் 28 சேர்மங்களை அடையாளம் கண்டது. வாழைப்பழ வாசனை தரும் எஸ்டரும் அதில் உண்டு. தனித்தனியாக எதுவும் கொல்லவில்லை; செயற்கையாகக் கலந்தபோது கொன்றது. ஆக, கூட்டணிதான் ஆயுதம் என்று முடிவானது. ஓசோன் படலத்தை அரிக்கும் மெத்தில் புரோமைடுக்குப் பதிலாக மண்ணுக்கும் அறுவடை செய்த பழங்களுக்கும் இதைப் பயன்படுத்தலாமே என்று நம்பிக்கை பிறந்தது. 2005இல் அமெரிக்காவில் பதிவும் ஆனது.

அப்புறம்தான் திருப்பம். யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்ட்ரோபெல், கேரியின் மகன். அவர் குழு, மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய ஈ.கோலி பாக்டீரியாக்களை இந்த ஆவியில் வைத்துப் பார்த்தது. (நாங்கள் நிரலில் ஒவ்வொரு வரியாக முடக்கிக் கோளாறு தேடுவோமே, அதே வேலை!) டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணு இல்லாதவை சீக்கிரம் அடிபட்டன. 2015இல் இது வெளியானது. 2017இல் ஆளும் கிடைத்தது: என்-மெத்தில்-என்-நைட்ரோசோ-ஐசோபியூட்டிரமைடு. டிஎன்ஏவில் மெத்தில் தொகுதியை ஒட்டவைத்துச் சிதைக்கும் பொருள்.

எனக்கு இடிப்பது இங்கேதான். நைட்ரோசோ சேர்மங்களில் பலவும் புற்றுநோய் உண்டாக்குபவை. டிஎன்ஏ என்பது பாக்டீரியாவுக்கு மட்டுமா இருக்கிறது? பழப்பெட்டிக்குள் இந்தப் பூஞ்சையை வைக்கலாமா என்ற கேள்வியை, 2005இன் பதிவை ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து கேட்கவேண்டும்.