திறந்த பேரேடும் தனிமனிதர் பெயரும்: கிரிப்டோ பயன்பாட்டில் தனியுரிமை

கிரிப்டோ நாணயம் குறித்து இரண்டு எண்ணங்கள் கைகோத்து உலவுகின்றன. அது யார் கண்ணிலும் படாத பணம் என்பது ஒன்று. அதில் தனியுரிமை கேட்பவர் எதையோ ஒளிக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிட்காயின் போன்ற நாணயங்கள் அமைப்பிலேயே வெளிப்படையானவை. அவற்றைச் சட்டப்படி வைத்திருப்பவருக்குத் தனியுரிமை என்பது உடைமைக்கும் சில வேளைகளில் உயிருக்குமான காப்பு. அதைப் பயனரின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட முடியாது. பெயரையும் நாணய முகவரியையும் சேர்த்து வைக்கச் சொல்லும் சட்டமே அந்தச் சேர்க்கையைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

1. கணக்கை அறிந்தவரின் அதிகாரம்

பழைய எடுத்துக்காட்டு ஒன்றோடு தொடங்கலாம். காலடிப்பேட்டை, சென்னை ஆளுநராக ஜோசப் காலெட் இருந்த காலத்தில் (1717–1720) திருவொற்றியூர் அருகே கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்வோருக்காக எழுந்த குடியிருப்பு. சோழமண்டலக் கரையின் துணி வணிகம் முன்பணத்தில் நடந்தது. வணிகர் வழியே நெசவாளிக்குப் பணம் வரும், துணி போகும், பாக்கி கணக்கில் ஏறும். நெசவாளியின் கடன், கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரியும். அவருடைய இருப்பு நெசவாளிக்குத் தெரியாது. பிறர் பணநிலையை ஒருதலையாக அறிந்திருப்பது பேரம் பேசும் வலுவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று அதே பேட்டையின் கடைகளில் யுபிஐ நடக்கிறது. கடைக்காரரின் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் அவர் பெயர் தெரியும். வங்கி இருப்பு தெரியாது. பிட்காயினில் இது தலைகீழ். முகவரியைப் பார்த்தால் பெயர் தெரியாது. ஆனால் இருப்பும் வரவு செலவும் உலகம் முழுவதற்கும் தெரியும். பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பழைய பரிவர்த்தனைகளும் சேர்ந்தே அம்பலமாகும். பரிவர்த்தனைகள் பதியும் பொதுப் பேரேட்டில் ஏறியதை எந்த நீதிமன்றமும் அழிக்க இயலாது.

2. பெயர் வெளிப்படும் வழிகள்

2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் அறிக்கையே இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவி இணை வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. பல முகவரிகளின் பணத்தைத் திரட்டி ஒரே செலவாக அனுப்பினால் அவை ஒருவருக்கே உரியவை என்பது வெளிப்படும் என்றும் சொல்கிறது. 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ ஆய்வாளர்கள் இவ்வழியில் முகவரிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, அவற்றை இயக்கிய நிறுவனங்களை அடையாளம் காட்டினர். நாணயச் சாவிகளை வைத்திருக்கும் வாலட் செயலி பிறர் சேவையகத்தில் இருப்பை விசாரிக்கும்போது ஐபி முகவரியும் அங்கே பதிகிறது.

இவற்றுக்கு மாற்றாக, மொனேரோ அனுப்புநரை ஒரு குழுவுக்குள் மறைக்கிறது. ஸீகேஷ் விவரத்தைக் காட்டாமலே உண்மையை நிறுவும் கணிதச் சான்றைப் பயன்படுத்துகிறது. ஆனால் ரூபாய் கொடுத்து நாணயம் வாங்கும் இடத்தில் பயனர் தம் பெயரைத் தந்தே ஆக வேண்டும்.

3. சட்டம் உருவாக்கிய சேர்க்கை

2022 ஜூலை 1 முதல் கிரிப்டோ விற்பனையில் 1 விழுக்காடு வரி மூலத்திலேயே பிடிக்கப்படுகிறது. அதற்குப் பான் எண் வேண்டும். 2023 மார்ச் 7 அறிவிக்கையால், நாணயங்களை வாங்கி விற்க உதவும் பரிமாற்றகங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களோடு ஐபி முகவரி, நேரம், பொதுச்சாவி, நாணய முகவரி, தொகை ஆகியவற்றையும் ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. நோக்கம் நியாயமானது. ஆனால் அந்தக் கோப்பு கசிந்தால், திறந்த பேரேட்டின் திறவுகோல் கயவர் கையில் கிடைக்கிறது. கோப்பின் ஆயுள் ஐந்தாண்டு. கசிவின் விளைவுக்கு ஆயுள் வரம்பே இல்லை.

இது வெறும் அச்சமன்று. 2020இல், வாலட் கருவிகள் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கொட்டப்பட்டன. 2025இல் காயின்பேஸ் பரிமாற்றகத்தின் வெளிநாட்டு உதவி மையப் பணியாளர் சிலர் லஞ்சம் பெற்று, ஏறத்தாழ 70,000 பேரின் விவரங்களை விற்றது வெளியாயிற்று. கணக்கு இருப்பும் அவற்றில் அடக்கம். செல்வம் வெளியே தெரிவதன் ஆபத்தை 2025 ஜனவரியில் பிரான்ஸ் கண்டது: லெட்ஜரின் இணை நிறுவனர் டேவிட் பலான்ட் கடத்தப்பட்டு, விரல் துண்டிக்கப்பட்டார்.

4. சொத்து எனில் காப்பும் வேண்டும்

2024 ஜூலை 18இல் வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. அதையடுத்து முடக்கப்பட்ட தம் நாணயங்களுக்காக வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்தே என்றும் அதைப் பிறர் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என்றும் தீர்ப்பளித்தார். சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் யார் என்ற விவரத்தையும் அதே பொறுப்போடு காக்க வேண்டும் என்பது இதிலிருந்து இயல்பாகத் தொடரும் அடுத்த படி.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் படியை ஏறவில்லை. பாதுகாப்புத் தவறுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகைசெய்கிறது.

5. எதிர்வாதம்

மோசடிக் கும்பல்கள் கிரிப்டோவில் பணம் கடத்தும்போது தனியுரிமை பேசலாமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 2016இல் பிட்ஃபைனெக்ஸ் பரிமாற்றகத்தில் திருடப்பட்ட 1,19,754 பிட்காயினில் 94,000க்கு மேற்பட்டவற்றை அமெரிக்க அதிகாரிகள் 2022இல் மீட்டனர். பேரேட்டைத் தொடர்ந்து சென்று, பரிமாற்றகக் கணக்குகளைச் சட்டப்படி கேட்டுப் பெற்றதும் அதற்கு உதவியது. வழக்கை முன்னிட்டுக் குறிப்பிட்டவரின் விவரம் கேட்பதும், எல்லோர் விவரமும் கசியும் நிலையில் கிடப்பதும் வேறு வேறு. புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. அதில் அரசு தலையிடச் சட்ட ஆதாரம், நியாயமான தேவை, அளவுப் பொருத்தம் ஆகியவை வேண்டும் என்றது. முதலிரண்டும் இங்கே உள்ளன. மூன்றாவதே குறை.

6. செய்ய வேண்டியவை

பயனர் செய்யக்கூடியவை சில உள்ளன. ஒவ்வொரு வரவுக்கும் புதிய முகவரி; தம் பெயரோடு நாணய முகவரியை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராமை; பரிமாற்றகத்துக்கெனத் தனி மின்னஞ்சல்; வாலட்டின் மீட்புச் சொற்களைத் தாளில் மட்டும் எழுதி வைத்தல். வரிக் கணக்கை ஒழுங்காகக் காட்டிக்கொண்டே இவை அனைத்தையும் செய்யலாம்.

சட்டம் மூன்றைச் செய்ய வேண்டும். அடையாளக் கோப்பும் முகவரிக் கோப்பும் தனித்தனியே பூட்டப்பட்டு, எழுத்துமூல ஆணையின் பேரில் மட்டும் இணைக்கப்பட வேண்டும். கசிவால் பாதிக்கப்பட்டவருக்கு நேரடி இழப்பீடு வேண்டும். சொந்த வாலட்டில் நாணயம் வைப்பதையும் முகவரி மாற்றுவதையும் குற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளக் கூடாது. குடிமக்களின் பெயரைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கிய அரசு, அந்தப் பெயர் கசிந்தால் வரும் நட்டத்தை அவர்கள் தலையிலேயே கட்டுவது நீதியன்று.